நான் ஓட்டாத கோச்

நொருக்கிறான். இரண்டாம் கியரை நொருக்கிறான். இவனுக்குக் கேக்கேல்லையா, இரும்புப் பல்லும் இரும்புப் பல்லும் அரைபடுற சத்தம். இந்தப் பெட்ஃபோர்ட்டுக்கு ஒரு மிதி காணாது, கிளச்சை ஒருக்கால் மிதிச்சு நியூட்றலுக்கு விட்டு, ஒரு மூச்சுப் பொறுத்து, திரும்ப மிதிச்சால்தான் கியர் சத்தமில்லாமப் போய் இருக்கும், இரண்டு மிதி, ஒண்டில்லை. முப்பது வருசம் ஊரார்ர பல்லைப் பிடுங்கின டொக்ரராம் இந்தக் கொலின், பெஞ்சன் எடுத்த கையோட இந்தப் பழைய உல்லாசப் பயண பஸ்சை, இந்தக் கோச்சை எங்கேயோ ஒரு பண்ணையில, கோழி அடைஞ்சு கிடந்த இடத்தில கண்டுபிடிச்சு, ஒன்பது வருசமா ஆணி ஆணியாக் கழட்டிப் பூட்டினவனாம், நல்ல மனுசன், சிரிச்ச முகம், ஆனா ஓட்டத் தெரியேல்லை. பெயின்ற் தெரியுது, குரோம் தெரியுது, ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதில எந்தக் கடையில இந்த மணிக்கூடு வாங்கினதெண்டு தெரியுது, கியர் போடத் தெரியேல்லை, அவனுக்கு றைவர் சீற் குடுத்திருக்கு. கோவிக்காதை தில்லையம்பலம், கோவிக்காதை, எழுபத்தெட்டு வயசு, பிறசர் குளிசை காலமை போட்டனியோ, போட்டனான். பக்கத்தில ஜினி. சிவாஜினி, என்ர ஒரே மகள், என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, காத்தில தலைமயிர் பறக்கப் பறக்க, "அப்பா, சந்தோசமா?" எண்டு மூண்டாந்தரம் கேக்கிறாள். "ஓம் பிள்ளை." வேற என்னத்தைச் சொல்ல. லண்டனில இருந்து விடியவே வெளிக்கிடுத்தி, எங்கை போறம் எண்டு சொல்லாமக் கூட்டிக்கொண்டு வந்தவள், கார் கடைசி வளைவில திரும்பக் கடல் தெரிஞ்சுது, மார்ஷ்கேட், இந்த ஊருக்கு நாற்பத்தியொரு வருசமா நான் கால் வைக்கேல்லை. பழைய கோச்சுகளின்ர கூட்டமாம், கடலுக்குள்ள நீட்டின பாலத்துக்குப் பக்கத்துப் புல்லுத்திடலில அறுபது, எழுபது வண்டியள் வரிசையா மினுங்கிக்கொண்டு நிக்குது, அதில ஒண்டுக்கு முன்னால ஒரு பலகை, பலகையில என்ர படம். என்ர முகம், ஆளுயரத்துக்கு. றைவர் சீற்றில இருக்கிறன், றைவர் தொப்பி போட்டிருக்கிறன், இரண்டு கையும் ஸ்ரியரிங்கில. கீழ எழுத்து: டில்லி, எங்கள் கோச் ஓட்டுநர்களில் ஒருவர், 1974. "சேர்ப்பிறைஸ்!" எண்டு ஜினி கட்டிப்பிடிச்சாள், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, சுத்தி நிண்ட வெள்ளையள் கை தட்டிச்சினம். அப்ப சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிசத்தில வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை, படியில ஏத்தினாங்கள், ஏறினன், இருக்கச் சொன்னாங்கள், இருந்தன். பிள்ளை, நான் இந்தக் கோச்சை ஒரு நாளும் ஓட்டேல்லை.

கழுவினனான். பதினொரு வருசம். இந்தச் சீற்றுகளின்ர பூப்போட்ட கம்பளித் துணியில எந்தப் பூவுக்குள்ள என்ன ஊறிக் கிடந்ததெண்டு எனக்குத் தெரியும், இப்ப புதுசாப் போட்டிருக்கிறான், அதே பூ, அதே சிவப்பு, எங்கே தேடி எடுத்தானோ, ஆனா அந்த மணம் இல்லை, சிகரெட்டும் ஈரக் கோட்டும் வினாகிரி போட்ட உருளைக்கிழங்குப் பொரியலும் குழந்தைப்பிள்ளையள் குமட்டி எடுத்த சத்தியும் சேர்ந்த மணம். இருபத்தொன்பது சீற், இருபத்தொன்பது சாம்பல் தட்டு. ஒவ்வொண்டாக் கழட்டி வாளிக்குள்ள தட்டி, துடைச்சு, திருப்பிக் கொழுவி. மாரியில கை வெடிச்சு இரத்தம் வரும், வாளித் தண்ணியில மெல்லிசா ஐஸ் பிடிச்சிருக்கும், கையாலதான் அதை உடைக்கிறது. கண்ணாடிக்குப் பழைய பேப்பரும் வினாகிரியும். ஒரு பக்கம் முடிச்சுத் திரும்பினால் கடல் காத்து மற்றப் பக்கத்தில உப்புப் படிய விட்டிருக்கும். தில்லையம்பலம் எண்டு சொல்ல வாய் வராதாம், டில்லி எண்டாங்கள், நானும் சரியெண்டு விட்டன், ஐந்து வருசத்துக்குப் பிறகுதான் ஒரு கிழவி சொல்லித் தெரியும் டில்லி எண்டது இங்கிலீசில பொம்பிளைப் பேர் எண்டு, ஐந்து வருசமா அவையள் கூப்பிடேக்கை எல்லாம் சிரிச்சது ஏனெண்டு அண்டைக்குத்தான் விளங்கினது. அதே பேரைப் பலகையில பெரிசா எழுதி வைச்சிருக்கினம். இவையளில பிழை சொல்லவும் ஏலாது, ஆரோ பழைய கொம்பனிக் கொப்பியில அப்பிடித்தான் கிடந்திருக்கும். அதுதான் விசர் வருது, கோவிக்கிறதுக்கு இதில ஒருத்தனும் இல்லை. மனேச்சர் பாசெட் செத்திருப்பார். கொம்பனி எப்பவோ இழுத்து மூடியாச்சு. மிச்சம் இருக்கிறது இந்தப் பல்லு டொக்ரரும், பின்னுக்கிருந்து பிளாஸ்கில தேத்தண்ணி ஊத்திக் குடிக்கிற கிழடுகளும், கடலும். ஐஸ்கிறீம் கடையள் போகுது, பாட்டுக் கச்சேரி மேடை போகுது, ஆக்களுக்கு அறை வாடகைக்கு விடுற வீடுகள் வரிசையாப் போகுது, அறை இல்லை எண்டு எனக்குக் கதவைச் சாத்தின வீடு இதில எது, நீலக் கதவோ பச்சைக் கதவோ, எல்லாத்துக்கும் இப்ப வெள்ளை அடிச்சிருக்கு. றோட்டோரத்தில நிக்கிற சனம் கை காட்டுது. ஜினி கை காட்டுறாள். "நீங்களும் காட்டுங்கோ அப்பா." கையைத் தூக்கினன். தூக்கின கை வேற ஆற்றையோ கை மாதிரி இருந்தது.

அந்தப் படம். பற்றிக் எடுத்தது. ஐரிஷ்காரன், என்னோட சேர்ந்து கழுவினவன், எந்த நேரமும் இருமிக்கொண்டு திரிவான், புதுசா ஒரு கமரா வாங்கியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோச் நிப்பாட்டிற கறாச்சில ஆருமில்லை, "ஏறு டில்லி, உன்ர அப்புவுக்கு அனுப்பு" எண்டான், கொழுக்கியில தொங்கின தொப்பியை எடுத்து என்ர தலையில வைச்சான், ஒரு நிமிசம், ஒரு நிமிசம்கூட இல்லை. ஸ்ரியரிங் குளிர்ந்து கிடந்தது. அதைப் பிடிச்ச உடன எனக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது, ஏனெண்டால் நான் றைவர். நான் இஞ்சை வந்து றைவர் ஆகினவனில்லை, பருத்தித்துறை டிப்போவில மூண்டு வருசம் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஓட்டினவன், வல்லை வெளியில மாரி வெள்ளத்துக்குள்ள றோட்டு எது வயல் எது எண்டு தெரியாத நேரத்தில எண்பது சனத்தை ஏத்திக்கொண்டு ஒரு கீறல் இல்லாமக் கொண்டுபோய் இறக்கினவன். அந்தக் கை ஸ்ரியரிங்கைக் கண்டதும் தன்ர பாட்டில போய்ப் பிடிச்சுது. படம் ஊருக்குப் போனது. பின்னால ஒண்டும் எழுதேல்லை, நான் பொய் எழுதேல்லை, "சுகம், வேலை நல்லாப் போகுது" எண்டுதான் எழுதினன். அப்பு அதுக்குச் சட்டம் போட்டுச் சுவரில கொழுவி, பஸ் ஸ்ராண்ட் முழுக்கக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாராம், என்ர மகன் லண்டன் வெள்ளையளை ஏத்தி ஓட்டுறான். அதுக்குப் பிறகு என்னெண்டு எழுதிறது. பிறகு சண்டை வந்து, ஷெல் விழுந்து, கூரை போய், சுவரும் போய், அம்மா இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில கொழும்புக்கு வரேக்கை ஒரு சூட்கேசுக்குள்ள கொண்டு வந்த நாலு சாமானில ஒண்டு அந்தப் படம். வீடு போச்சு. காணி உறுதி போச்சு. என்ர பள்ளிக்கூட சேட்டிபிக்கற் போச்சு. அந்தப் பொய் மட்டும் ஒரு கீறல் இல்லாம லண்டனுக்கு வந்து சேர்ந்தது. ஜினி அதை எடுத்துப் புதுச் சட்டம் போட்டாள். பிறகு லண்டனில நான் மெய்யாவே பஸ் ஓட்டினனான்தானே, இருபத்தாறு வருசம், அவள் என்னை யூனிபோமில கண்டு வளர்ந்தவள், அவளுக்குச் சந்தேகம் ஏன் வரப்போகுது. என்ர மனுசி பராசக்திக்குத் தெரியும். ஒருக்கால் சொன்னவ, சாகிறதுக்கு முதல் வருசம், "இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு ஒருக்கால் சொல்லிவிடுங்கோவன்." "என்னத்துக்கு இப்ப?" எண்டு நான் பாஞ்சன். அதோட அவ விட்டுட்டா.

கோச் மேட்டுக்குத் திரும்புது. அந்த மேடு. மேல போனால் புல்லுவெளி, வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, கீழ கடல், அதுதான் அப்ப கோச் போற பாதை, போய் அரைமணித்தியாலம் நிண்டு, கிழவிமார் தேத்தண்ணி குடிச்சு, இறங்கிறது. எழுபத்தாறாம் ஆண்டு, யூலை மாசம், மழையே இல்லாத கோடை, தண்ணிக்குத் தட்டுப்பாடு, குழாயால அடிக்கக் கூடாது, வாளியாலதான் கழுவ வேணும். ஞாயிற்றுக்கிழமை காலமை பத்து மணி. இருபத்தொன்பது பேரும் தொப்பியும் கூடையுமா வந்து நிக்கினம். றைவர் வரேல்லை, வயித்துக்குத்து எண்டு ரெலிபோன், மற்ற றைவர்மார் எல்லாம் வேற ஊருக்குப் போட்டினம். பாசெட் அங்கையும் இங்கையும் நடக்கிறார், வேர்த்து ஒழுகுது. அப்ப பற்றிக்தான் கத்தினவன், "மிஸ்டர் பாசெட், டில்லியிட்டை லைசென்ஸ் இருக்கு!" இருந்தது. இரண்டாம் வருசமே எடுத்திட்டன், பக்கத்து ஊரில பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்திற ஒரு மனுசன்ர வண்டியில கிழமைக்கு ஒருநாள் பழகி, முதல் தரத்திலயே பாஸ், பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு பத்து மாசம் திரிஞ்சன், மூண்டு தரம் பாசெட்டிட்டைக் கேட்டன், பாப்பம் பாப்பம் எண்டவர். வைக்கோல் தொப்பி போட்ட ஒரு மனுசி, "அப்ப என்ன, அவரே ஓட்டட்டும், நேரம் போகுது" எண்டா. நான் வாளியைக் கீழ வைச்சு, கையைத் துடைச்சு, பொக்கற்றில இருந்து லைசென்சை எடுத்தன். இது இப்பவும் என்ர உள்ளங்கையில தெரியுது, ஈரக்கையில ஒட்டின அந்தக் கடதாசி. பாசெட் அதை வாங்கேல்லை. பாக்கவும் இல்லை. சனத்தைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு சொன்னார், "நீங்கள் வந்தது கடலைப் பாக்க அம்மா. பயந்து நடுங்கிக்கொண்டு இருக்க இல்லை." கொஞ்சப்பேர் சிரிச்சினம். அந்த மனுசி சிரிக்கேல்லை, தன்ர தொப்பியைச் சரிப்படுத்திக்கொண்டு கடல் பக்கம் திரும்பினா. பயணத்தை நிப்பாட்டினார். இருபத்தொன்பது பேரையும் திருப்பி அனுப்பினார். எனக்குத் தராமல் இருக்கிறதுக்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை எறிஞ்சார். சனம் போன பிறகு என்னட்டை வந்தார், கோவமே இல்லை அந்த முகத்தில, அதைத்தான் நான் இண்டைவரைக்கும், அதைத்தான். "டில்லி, வண்டி சும்மாதானே நிக்குது, உள்ளுக்கையும் ஒருக்கால் துடைச்சு விடு."

துடைச்சு விட்டன். சொல்லு, சொல்லு தில்லையம்பலம், அதையும் சொல்லு, துடைச்சு விட்டனி. வாளியைத் தூக்கி அவன்ர மூஞ்சையில ஊத்தியிருக்க வேணும். லைசென்சை மேசையில அடிச்சு வைச்சிட்டு றெயில்வே ஸ்ரேசனுக்கு நடந்திருக்க வேணும். இருபத்தொன்பது சாம்பல் தட்டையும் கழட்டித் தட்டித் துடைச்சுக் கொழுவினன். அதோட நிண்டனோ, இன்னும் எட்டு வருசம். பராசக்தி வரப்போறா, வீடு வேணும், பிள்ளை வரப்போகுது, லண்டனில ஆரைத் தெரியும், எண்பத்துமூண்டில ஊர் எரியுது, இருக்கிறதையும் விட்டால் என்ன செய்யிறது, காரணம் எல்லாம் சரியான காரணம்தான், ஒண்டிலயும் பிழை கண்டுபிடிக்க ஏலாது, பிழை பிடிக்க ஏலாத காரணங்களை வைச்சு ஒரு மனுசன் தன்னைத் தானே பதினொரு வருசம் குனிய வைச்சிருக்கிறான். "அப்பா, ஏன் ஒரு மாதிரி இருக்கிறியள்?" "குளிர்." "கோட்டைப் போடுங்கோவன்." வேண்டாம், விடு, கோட் வேண்டாம். மூண்டில இருந்து இரண்டுக்கு இறக்கு, கொலின், இப்ப இறக்கு, எஞ்சின் திணறுது கேக்கேல்லையோ, மேட்டில நிண்டிடும். பின்னால ஒரு கிழவர் தன்ர மனுசிக்குச் சொல்லுறார், அந்தக் காலத்தில எல்லாம் எவ்வளவு மரியாதை, றைவர்மார் தொப்பியைத் தொட்டுத்தான் கதைப்பினம். மனுசி ஓம் ஓம் எண்டுறா. எனக்குப் பயமா இருக்கு. கோவம் எண்டுதான் இவ்வளவு நேரமும் நினைச்சன், அதுக்கு அடியில இது கிடக்கு. சொன்னால் ஜினியின்ர முகம் என்னமாதிரிப் போகும். சொல்லாட்டி அந்தப் பலகை இனி ஒவ்வொரு வருசமும் இந்தக் கடற்கரையில நிக்கும், நான் செத்த பிறகும் நிக்கும், இந்த ஊர் என்னை றைவராக வைச்சிருந்தது எண்டு சிரிச்சுக்கொண்டு நிக்கும், பாசெட்டுக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி.

மேல வந்து நிண்டாச்சு. எஞ்சினை நிப்பாட்டக் காத்தின்ர சத்தம் மட்டும். கொலின் எழும்பி மைக்கை எடுத்தான். "நண்பர்களே, இன்று நம்மோடு ஒரு விசேஷ விருந்தாளி. இதே கோச்சை, இதே பாதையில், எத்தனையோ கோடை காலம் ஓட்டியவர். டில்லி!" கை தட்டல். கொலின் ஒரு பையுக்குள்ள இருந்து தொப்பி எடுத்தான். கறுப்புத் தொப்பி, முன்னுக்குப் பித்தளைப் பட்டி. "அந்தப் படத்தைத் திரும்ப எடுக்கப் போகிறோம். மகளின் யோசனை. வாருங்கள், உங்கள் சீற்றில் உட்காருங்கள்." ஜினி போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். எழும்பினன். முழங்கால் நோகுது. கொலின் தொப்பியை என்ர தலைக்கிட்டைக் கொண்டு வந்தான், அப்ப என்ர கை எழும்பி அவன்ர கையை மறிச்சுது, தட்டின மாதிரித்தான் போச்சு, தொப்பி படியில விழுந்து உருண்டுது. மைக்கை நான்தான் அவன்ர கையில இருந்து எடுத்திருக்க வேணும், எடுத்தது ஞாபகம் இல்லை, என்ர குரல் பின்னால இருந்த ஸ்பீக்கரால வருது, கனத்துக் கரகரத்து, "நான் இதை ஓட்டேல்லை" எண்டு தமிழில தொடங்கிப் பிறகு இங்கிலீசில சொன்னன். "நான் இந்தக் கோச்சை ஒரு நாளும் ஓட்டவில்லை. கழுவினேன். பதினொரு வருடம். என்னிடம் லைசென்ஸ் இருந்தது. தரவில்லை. என் தோலைப் பார்த்தால் நீங்கள் பயப்படுவீர்கள் என்று தரவில்லை." நீங்கள் எண்டு ஏன் சொன்னன், இவையளில்லையே, ஆனா நீங்கள் எண்டுதான் வந்தது. ஆரோ பிளாஸ்க் மூடியைத் திருகினது கேட்டது. கொலின்ர முகம் சிவந்து போச்சு, பாவம், என்ர தோளைத் தட்டி, மெல்லிசாச் சொன்னான், "அது வேறு காலம், இல்லையா." வேற காலம். அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். "அது என்னுடைய காலம்" எண்டன். "எனக்கு இருந்த காலம் அதுதான். வேறு ஒன்று தரவில்லை." மைக்கைச் சீற்றில வைச்சன். படியால இறங்கினன், தொப்பியை மிதிக்காமல் சுத்தி இறங்கினன், புல்லில கால் வைக்கக் காத்து ஆளைத் தள்ளுது. திரும்பிப் பாக்கேல்லை. கீழ ஊருக்குப் போற நடைபாதையைப் பிடிச்சு நடந்தன்.

பின்னால ஓடி வாற சத்தம். ஜினி. பக்கத்தில வந்து, என்ர கோட் அவளின்ர கையில, மூச்சு வாங்குது, இரண்டு பேரும் நடக்கிறம். கதையன் பிள்ளை, ஏதாவது கதையன். ஒரு வளைவு தாண்டினாப் பிறகு வெடிச்சாள். "எட்டு ஈமெயில் எழுதினனான் அந்தக் கொலினுக்கு. எட்டு! என்ர பிள்ளையளுக்குப் படத்தைக் காட்டிக் காட்டி வளத்தனான். நாற்பத்தேழு வயசில என்னைப் பொய்க்காரி ஆக்கிப் போட்டியள்." "நான் ஒருநாளும் உனக்கு ஓட்டினனான் எண்டு சொல்லேல்லை." "இல்லையெண்டும் சொல்லேல்லையே! அம்மாவுக்குத் தெரியுமோ?" "தெரியும்." "அம்மாவும்!" நிண்டிட்டாள். அழுறாள் எண்டு பாத்தன், அழேல்லை, அவளுக்குக் கோவம், எனக்கு வாற மாதிரியே மூக்கு நுனி வெள்ளையாப் போய். "ஏன் அப்பா? கோச் கழுவின அப்பா எனக்குக் காணாதெண்டு ஆர் சொன்னது? நான் சொன்னனானோ?" இதைத்தான் சொல்லுவாள் எண்டு தெரியும். எல்லாப் பிள்ளையளும் சொல்லுற நல்ல சொல். அதைக் கேட்டு என்ர கண் கலங்கி, அவளைக் கட்டிப்பிடிச்சு, அதோட இது முடிஞ்சு போக வேணும். "எனக்குக் காணாது!" எண்டு கத்தினன். கடற்காகங்கள் எழும்பிச்சுது. "உனக்குக் காணும். எனக்குக் காணாது பிள்ளை. நான் றைவர். நான் இஞ்சை வரேக்கையே றைவர்." அவள் கோட்டை என்ர தோளில போட்டாள், கோவத்தோடதான் போட்டாள், இழுத்துப் பொத்தானைப் பூட்டினாள், பூட்டிக்கொண்டே, "ஆர் தராதது?" "மனேச்சர்." "பேர்?" "பாசெட்." "முழுப்பேர்?" "ஹெரல்ட் பாசெட்." "என்ன சொன்னவன்? சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ. நல்லாக்காதேங்கோ, குறைக்காதேங்கோ, முதல் நாளில இருந்து சொல்லுங்கோ." "ஏன் கத்துறாய்?" "நீங்கள்தான் கத்துறியள்." ஓம், நான்தான். சரி. எழுபத்துமூண்டாம் ஆண்டு கார்த்திகை மாசம், மழை, ஸ்ரேசனில இருந்து நடந்து வந்தன் எண்டு தொடங்கினன், குரல் இறங்கேல்லை, இறக்கவும் நினைக்கேல்லை, எதிரில நாயோட வந்த ஒரு மனுசன் நாயைக் கிட்ட இழுத்துக்கொண்டு எங்களுக்கு வழி விட்டு ஒதுங்கினான். நான் கதைச்ச பாஷை அவனுக்கு விளங்கியிராது. கோவம் விளங்கியிருக்கும். நான் நிப்பாட்டேல்லை.